உப்பு, தண்ணீர், வியர்வை: ஒரு வரவு செலவுக் கணக்கு

(மாங்கனித் திருவிழா முடிந்த மறு ஞாயிறு மாலை, நம் குடியிருப்பின் பொதுக் கூடத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)



முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எண்களைக் கூட்டுவதும், கூட்டியது சரியா என்று மறுபடி பார்ப்பதும்தான் எனக்குத் தெரிந்த தொழில். இன்று பேசப்போவதும் ஒரு கணக்குதான். இந்தக் கணக்கில் நான் ஒருமுறை தப்புப் பண்ணி ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி படுத்திருந்தேன். அதனால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் நம் குடியிருப்பிலிருந்து பதினைந்து பேர் வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறோம். திருநள்ளாறிலிருந்து காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியாக நாற்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். மூன்று மதத்துக்காரர்களும் நம் குழுவில் இருக்கிறார்கள். அது போக, பி பிளாக்கில் மூன்று தம்பிகள் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்காக விடிகாலையில் காரைக்கால் கடற்கரை வரை ஓடிப் பழகுகிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் லிஃப்டில் என்னைப் பார்த்து, "அங்கிள், எந்த எலக்ட்ரோலைட் வாங்கலாம்? கடையில் பத்து வகை இருக்கு" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நடந்தது

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகன் இருக்கும் ஊரில் ஒரு 21 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். ஓட்டம் என்று சொன்னாலும் என் வயதில் பாதி ஓட்டம், பாதி நடை. முடிக்க மூன்று மணி இருபது நிமிஷம் ஆயிற்று.

மகன் கிளம்பும்போதே சொல்லிவிட்டான்: "அப்பா, தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஒவ்வொரு மேஜையிலும் குடிச்சுக்கிட்டே போங்க." சொன்னபடி செய்தேன். வழியில் பத்து இடத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு டம்ளர். ஏறக்குறைய நாலு லிட்டர், அத்தனையும் வெறும் தண்ணீர். மார்கழிக் குளிரில் அவ்வளவு வியர்க்கவும் இல்லை.

கடைசி மூன்று கிலோமீட்டரில் கை விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியது. தலைவலி, குமட்டல். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் வாந்தி எடுத்தேன். அங்கிருந்த தன்னார்வலர்கள் நல்ல எண்ணத்தில், "தண்ணி வத்திப்போச்சு" என்று மேலும் ஒரு பாட்டில் குடிக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மகன் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவன் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். என் மனைவி சிரிக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சோடியம் 127. இருக்க வேண்டியது 135 முதல் 145. எடை பார்த்தபோது, காலையில் மகன் வீட்டில் பார்த்ததைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. ஓடினால் எடை குறைய வேண்டும், எனக்குக் கூடியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அடர்த்தியான உப்பு நீரைக் கொஞ்சமாக, கவனமாக ஏற்றினார். ரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிட்டு வந்த நீர் பிரியும் மாத்திரையும் சோடியத்தைக் குறைக்கக்கூடியதுதான் என்று சொல்லி, அதை மாற்றிக் கொடுத்தார்.

இது எனக்கு மட்டும் நடந்தது அல்ல. 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005-ல் வெளியானது. நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும், முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். வேகமாக ஓடுகிறவருக்கு மேஜையில் நிற்க நேரம் இல்லை. என்னைப் போல மெதுவாகப் போகிறவருக்குத்தான் குடிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வெறும் தண்ணீர் குடித்தாரா, விளையாட்டு பானம் குடித்தாரா என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அளவுக்கு மேல் குடித்தால் எலக்ட்ரோலைட் பானமும் காப்பாற்றாது. காரணம் எளிது. அந்த பானங்களில் உள்ள சோடியம், ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே எந்த பானம் என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

எவ்வளவு? வீட்டிலேயே பார்க்கலாம்

வங்கியில் ரீகன்சிலியேஷன் என்று ஒன்று போடுவோம். நம் பேரேட்டில் உள்ள இருப்பும் எதிர்த்தரப்புக் கணக்கில் உள்ள இருப்பும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. உடம்புக்கும் அதேதான். தேவை ஒரு எடை இயந்திரம், ஒரு பேப்பர்.

போன மாதம் ஒரு நாள் காலை நான் எழுதியது இது. கிளம்பும் முன் எடை 68.2 கிலோ. ஒன்றரை மணி நேரம் வேக நடையும் ஓட்டமும். திரும்பி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு எடை 67.4. குறைந்தது 800 கிராம். வழியில் குடித்தது அரை லிட்டர். இரண்டையும் கூட்டினால் 1.3 லிட்டர் வியர்வை. மணிக்கு ஏறக்குறைய 870 மி.லி.

பொதுவாக ஆளைப் பொறுத்து மணிக்கு அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்க்கலாம். நம் ஊர்க் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆவியானால்தான் உடம்பு குளிரும். அதனால் இங்கே வியர்வை அதிகம், பலன் குறைவு.

இழந்தது முழுவதையும் ஓடும்போதே திருப்பிக் கட்டத் தேவையில்லை. தாகத்துக்குக் குடியுங்கள். முடிக்கும்போது எடை சற்றே குறைந்திருந்தால் சரி. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்தால் அடுத்த முறை கொஞ்சம் கூட்டிக் குடியுங்கள். எடை கூடியிருந்தால் கண்டிப்பாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பானம்? முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம் பாருங்கள்

பாட்டிலின் முன்பக்கத்தில் படமும் பெரிய எழுத்தும் இருக்கும். கணக்கு பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கடன் பத்திரம் மாதிரிதான். அதில் இரண்டு வரி போதும்: சோடியம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு. பெரும்பாலும் 100 மி.லி.க்கு என்று போட்டிருப்பார்கள். பத்தால் பெருக்கினால் ஒரு லிட்டருக்கு.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு, லிட்டருக்கு 450 முதல் 700 மி.கி. வரை சோடியம் உள்ள பானம் பொருத்தம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு. வியர்வையில் போகும் சோடியம் ஆளுக்கு ஆள் மாறும். லிட்டருக்கு 400 மி.கி.யிலிருந்து 1,800 மி.கி. வரைகூடப் போகும். காய்ந்த பிறகு சட்டையில் வெள்ளைக் கோடு படிகிறதா, வியர்வை கண்ணில் பட்டால் எரிகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கிறவர்.

இனிக் கடையில் உள்ளவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

விளையாட்டு பானம்: இந்த வகைக்கு மூத்தது 1965-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் கால்பந்து வீரர்களுக்காக ராபர்ட் கேட் என்ற மருத்துவர் தயாரித்த கேட்டரேட். அமெரிக்காவில் விற்கும் மூல வகையில் லிட்டருக்குச் சுமார் 450 மி.கி. சோடியம், 60 கிராமை ஒட்டிச் சர்க்கரை. நீண்ட ஓட்டத்துக்கு அந்தச் சர்க்கரை உதவும். சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கிறவருக்கு அது வீண் சர்க்கரை.

கரையும் மாத்திரை: பெரும்பாலும் சர்க்கரை குறைவு, சோடியம் பரவாயில்லை. ஆனால் எத்தனை மி.லி.யில் கரைக்க வேண்டும் என்று படியுங்கள். ஒரு மாத்திரையில் 300 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 250 மி.லி.யில் கரைத்தால் லிட்டருக்கு 1,200. அரை லிட்டரில் கரைத்தால் 600.

குளுக்கோஸ் பொடி: தெம்பு தரும் என்று எல்லோர் வீட்டிலும் இருக்கும். பெரும்பாலும் வெறும் குளுக்கோஸ்தான். சோடியம் வரியில் ஒன்றும் பெரிதாக இருக்காது.

எனர்ஜி டிரிங்க்: இது காஃபின் கலந்த வேறு இனம். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தவிர்க்கும்படி டப்பாவிலேயே போட்டிருக்கும். வியர்வைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இளநீர்: நம் ஊர்ச் செல்லப் பிள்ளை. பொட்டாசியம் லிட்டருக்கு 2 கிராமை ஒட்டி இருக்கும், சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். ஆகவே தாகத்துக்கு நல்லது. நீண்ட ஓட்டத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் நிறையக் குடிக்கக் கூடாது. பொட்டாசியம் ஏறிவிடும்.

ஓ.ஆர்.எஸ். கதை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையைக் கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, வந்தவர்களின் சொந்தக்காரர்களைக் கொண்டே குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே போகும். பின்னாலேயே தண்ணீரும் போகும். அதுதான் சூட்சுமம். அவர் 2022-ல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இன்றைய உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். சோடியமாகச் சொன்னால் 1,700 மி.கி.க்குச் சற்று மேல்.

ஆனால் கடையில் அதே பெயரை ஒட்டவைத்துக்கொண்டு பழச்சாறு போன்ற பானங்கள் வந்தன. சிலவற்றில் லிட்டருக்குச் சர்க்கரை 100 கிராமைத் தாண்டும். வயிற்றுப்போக்கில் இருக்கும் குழந்தைக்கு அவ்வளவு சர்க்கரை கொடுத்தால் போக்கு கூடத்தான் செய்யும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத எந்த பானமும் தன் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நாம் போன வருஷம் பிள்ளைகள் விளையாட்டு விழாவுக்கு இரண்டு பெட்டி வாங்கினோமே, அதுவும் இந்த ரகம்தான். வாங்கியது நான்தான். சர்க்கரை வரியைப் படிக்காமல் ரசீதை மட்டும் சரிபார்த்தேன்.

ஓட்டத்துக்கு உண்மையான ஓ.ஆர்.எஸ். வேண்டுமா? நிறைய வியர்க்கிறவர், மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயிலில் இருக்கிறவர், ஒரு பாட்டிலாக வைத்துக்கொள்ளலாம். தினமும் குடிக்கும் பானம் அல்ல. ஒரு நாளைக்கு நமக்குச் சொல்லப்பட்ட சோடியம் உச்சவரம்பு 2 கிராம், அதாவது உப்பு 5 கிராம். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். அதில் பெரும்பகுதியை ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மொட்டை மாடியில் அரை மணி நடந்துவிட்டு இதைக் குடிப்பது, செலவே இல்லாத மாதத்தில் கடன் வாங்குகிற மாதிரி.

சுருக்கமாக ஒரு பட்டியல்

1. ஒரு மணி நேரத்துக்குள்: தண்ணீர் போதும். பிறகு வழக்கமான சாப்பாடு.

2. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம்: லிட்டருக்கு 450 முதல் 700 மி.கி. சோடியம். ஓடுகிறவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பானத்திலோ, வாழைப்பழம், கடலை மிட்டாயிலோ. சர்க்கரை நோயாளிகள் முதலில் தங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

3. அதற்கு மேல்: பானத்தோடு உப்புள்ள சாப்பாடும் வேண்டும்.

4. பந்தய நாளில் புதிய பானம் வேண்டாம். பயிற்சியில் நாலு முறை குடித்து வயிறு ஒத்துக்கொண்டதையே எடுத்துப் போங்கள்.

வீட்டில் செய்ய: ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டிய கால் டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம். கால் டீஸ்பூன் உப்பு ஏறக்குறைய ஒன்றரை கிராம். அதில் சோடியம் 600 மி.கி.யை ஒட்டி. அதாவது கடைப் பானத்தின் அளவுக்கே வந்துவிடுகிறது. உப்பை மட்டும் கண்ணளவில் போடாதீர்கள். சர்க்கரைக்குப் பதில் வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்டால் பானகம். நீர்மோரிலும் அதே கால் டீஸ்பூன்தான். நம் தாத்தாமார் வயலுக்குப் போகும் முன் உப்புப் போட்டு நீராகாரம் குடித்ததும் இந்தக் கணக்குக்குள் வருவதுதான். அரிசி மாவில் செய்த ஓ.ஆர்.எஸ். காலராவில் வேலை செய்கிறது என்று மருத்துவர்களே பிற்பாடு கண்டார்கள்.

கூட்டத்தில் கேட்ட இரண்டு கேள்விகள்

ஏ பிளாக் அக்கா கேட்டார்: "கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டா உப்புத் தண்ணி குடிச்சா சரியாயிடுமா?" எப்போதும் இல்லை. பழக்கமில்லாத தூரம் நடந்தால் தசை சோர்ந்தும் பிடிக்கும். நின்று, காலை நீட்டி, மெதுவாக இழுத்துவிடுங்கள். ஆகஸ்ட்டுக்கு முன் வாரம் ஒருமுறை பத்துக் கிலோமீட்டராவது நடந்து பழகுங்கள்.

பி பிளாக் தம்பி கேட்டார்: "மயங்கி விழுந்தவருக்கு என்ன கொடுக்கணும் அங்கிள்?" நினைவு தெளிவாக இல்லையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. நிழலில் படுக்க வைத்து, உடம்பு கொதித்தால் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். டாக்டரிடம் அவர் எவ்வளவு குடித்தார் என்பதைச் சொல்லுங்கள். விரல் வீக்கம், தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் இருந்தால், தண்ணீர் கூடிப்போயிருக்கலாம் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அன்று என் பக்கத்தில் அதைச் சொல்ல யாரும் இல்லை.

ஒரு வேண்டுகோள்

வேளாங்கண்ணி நடைக்காக வண்ண பானம் வாங்க ஒதுக்கிய பணத்தை இப்படி மாற்றிச் செலவிடலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஒரு நல்ல எடை இயந்திரம், அது பொதுக் கூடத்திலேயே இருக்கட்டும், எலுமிச்சை, சர்க்கரை, அளவு ஸ்பூன், அவசரத்துக்கு அட்டையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து. வழிச் சாப்பாட்டுக்கு இட்லியும் புளிசாதமும். நாகூர் வரைக்கும் போகும் உப்பு அதிலேயே வந்துவிடும். ஆளுக்கு இரண்டு பாட்டில்: ஒன்றில் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சை உப்பு நீர். வழிநெடுகப் பந்தலில் அன்போடு நீட்டுவார்கள். தாகம் இருந்தால் வாங்கிக் குடியுங்கள், இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு நடங்கள்.

வருகிற பதினைந்து பேரும் அடுத்த ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் கீழே வாருங்கள். ஒன்றரை மணி நேரம் நடந்து வந்து எடை போட்டு, ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் என்று எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தச் சீட்டை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.